பழைய மசில் கார் வாங்கும் முன்: அசலா, வேஷமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மசில் கார் என்றால் சாதாரண அமெரிக்க வண்டியின் கூட்டில் பெரிய எஞ்சினை வைத்து 1960, 70களில் விற்ற வேகமான கார். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே செய்த அப்படி ஒரு வண்டியான 1969 கமாரோ ஒன்றை வாங்கியே தீருவது என்று மிச்சிகனில் இரண்டு வருடம் அலைந்தேன். பார்த்த வண்டிகளில் பல, விளம்பரத்தில் சொன்ன வண்டியே இல்லை. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை நண்பர்களிடம் சொல்லித் தொலைத்ததால், இப்போது யாராவது ஒருவர் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்வதற்குப் பதில், ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எனக்குச் செவர்லேதான் ஓரளவு நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் பேச்சு நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மசில் காரில் 'போலி' எப்படி வருகிறது? பழைய கார் என்றால் பழைய கார்தானே?

கார் பழையதுதான், அதில் சந்தேகமில்லை. சந்தேகம் எல்லாம் அது எந்தக் காராகப் பிறந்தது என்பதில்.

1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் இருந்து ஜிடிஓ என்ற வண்டி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி போட்டிருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான பான்டியாக் பொறியாளர்கள் அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 389 கன அங்குல எஞ்சினைப் புது மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்குக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஆப்ஷன் என்று விற்றார்கள். கூடுதல் விலை சுமார் 300 டாலர். முதல் வருடமே 32,450 வண்டிகள் போயின. மற்ற கம்பெனிகளும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன.

இன்றைய தலைவலி அங்கேதான் ஆரம்பம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மளிகைக் கடைக்குப் போய்வர வாங்கிய ஆறு சிலிண்டர் ஷெவெல்லும் (செவர்லேயின் நடுத்தர அளவு வண்டி), 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 எஞ்சின் வைத்த ஷெவெல்லும் ஒரே கூடு. வித்தியாசம், ஆர்டர் படிவத்தில் டிக் அடித்த கட்டங்கள் மட்டுமே. எல்எஸ்6 எஞ்சினோடு 1970இல் வந்தவை 4,475. ஷெவெல்லின் சாதாரண வகையான மாலிபுவோ லட்சக்கணக்கில். இன்று இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். பேட்ஜ், கோடு, பானெட், சீட் துணி எல்லாமே புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. ஒரு குளிர்காலம் உட்கார்ந்து வேலை பார்த்தால் டீச்சர் வண்டி எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், செவர்லேயின் வேக வகை) ஆகிவிடும்.

வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி தரும் தனி அடையாள எண்) பார்த்தால் தெரிந்துவிடாதா?

யார் செய்த வண்டி என்பதைப் பொறுத்தது.

கிரைஸ்லர் குடும்பத்திலும் ஃபோர்டிலும் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் எஞ்சின் எது என்று வின் எண்ணே சொல்லிவிடும். இரண்டிலுமே ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். கிரைஸ்லரின் 1970 பிளிமத் 'குடா (பாரகூடாவின் வேக வகை) ஒன்றின் எண் பிஎஸ்23ஆர்0பி என்று தொடங்கினால், அந்த 'ஆர்' என்பது 426 கன அங்குல ஹெமி எஞ்சின். அங்கே 'வி' இருந்தால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440. 1969 மஸ்டாங்கில் 9எஃப்02 என்பதற்கு அடுத்து 'ஆர்' வந்தால் ராம் ஏர் வைத்த 428 கோப்ரா ஜெட், 'இசட்' வந்தால் பாஸ் 429, 'ஜி' வந்தால் பாஸ் 302. பாஸ் 429 என்றால் கதவுத் தகட்டில் 'கேகே' என்று தொடங்கும் தனி எண்ணும் இருக்க வேண்டும். அந்த வண்டிகளை ஃபோர்டுக்காக மிச்சிகன் பிரைட்டனில் கார் கிராஃப்ட் என்ற பட்டறை முடித்துக் கொடுத்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் புண்ணியத்தைச் செய்யவில்லை. 1971 வரை அவர்கள் வின் எண்ணில் எஞ்சின் எழுத்தே கிடையாது. 1969 கமாரோவின் எண் 12437 என்று தொடங்கும். 1 செவர்லே, 24 வி8 கமாரோ, 37 கூப். அவ்வளவுதான். அது இசட்/28 (பந்தயத்துக்காகச் செய்த கமாரோ வகை) ஆகவும் இருக்கலாம், சாதாரண 307 வைத்த வண்டியாகவும் இருக்கலாம். எண்ணுக்கு அது தெரியாது. விதிவிலக்குகள் உண்டு: 1966 முதல் 1968 வரை ஷெவெல் எஸ்எஸ்396 தனி மாடல், எண் 138 என்று தொடங்கும். 1966 முதல் 1971 வரை ஜிடிஓவும் தனி மாடல், 242 என்று தொடங்கும். அந்த வருடங்களில் 237 என்று தொடங்கும் 'ஜிடிஓ'வை யாராவது காட்டினால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அசல் என்று நிரூபிக்க முடியாத இடத்திலும், பொய் என்று நிரூபிக்க இந்த எண் உதவும். 1971 வரையிலான ஷெவெல், கமாரோ எண்களில் மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படை என்றால் அது வி8 வண்டியாகப் பிறக்கவில்லை.

எனக்கு இது நேரிலேயே நடந்தது. 1970 ஷெவெல், எஸ்எஸ்396, சிவப்பில் கறுப்புக் கோடு. எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. விற்றவர் நல்ல மனிதர், எலுமிச்சைச் சாறு கொடுத்தார். முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டுத் தகட்டை எட்டிப் பார்த்தேன். 13537. மூன்றாவது இலக்கம் ஐந்து. ஆறு சிலிண்டர் மாலிபு. அவரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அவரும் அதை எஸ்எஸ் என்று நம்பித்தான் பத்து வருடம் முன்னால் பணம் கொடுத்திருக்கிறார்.

கார்ஃபாக்ஸ் (வின் எண்ணை வைத்து வண்டியின் வரலாற்றைத் தரும் அறிக்கை) போட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. 17 இலக்க வின் எண் வந்ததே 1981இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு அந்த அறிக்கைகள் வேலைக்கு ஆகாது.

கம்பெனியிலேயே பழைய பதிவு இருக்குமே, கேட்டு வாங்க முடியாதா?

நிலம் வாங்கினால் விற்பவர் காட்டும் ஜெராக்ஸை நம்பாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் நாமே நகல் போட்டு வாங்குவோம் இல்லையா, அதே புத்தி இங்கேயும் வேண்டும். விற்பவர் கையில் இருக்கும் காகிதம் வேறு, மூலப் பதிவில் இருந்து நாம் நேராக எடுக்கும் காகிதம் வேறு.

ஃபோர்டு, மெர்க்குரி வண்டிகள் 1967இல் இருந்து என்றால் கவலையே வேண்டாம். கெவின் மார்டி என்பவரிடம் ஃபோர்டின் உற்பத்திப் பதிவு முழுவதும் இருக்கிறது. வின் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் 'மார்டி ரிப்போர்ட்' வரும். எந்த எஞ்சின், எந்த கியர் பாக்ஸ், என்ன நிறம், என்று கட்டினார்கள், எந்த டீலருக்குப் போனது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடும். மஸ்டாங் விற்பவர் மார்டி ரிப்போர்ட் இல்லை என்றால், நீங்களே வாங்கிவிடுங்கள். வண்டி விலையோடு பார்த்தால் அந்தச் செலவு சுண்டைக்காய்.

பான்டியாக் என்றால் பிஹெச்எஸ் என்று எல்லோரும் சொல்லும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். 1961 முதல் 1986 வரையிலான வண்டிகளின் பில் நகல் அங்கே கிடைக்கும். 1964, 65 ஜிடிஓவுக்கு இது இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது, ஏனென்றால் அந்த இரண்டு வருடமும் அது ஆப்ஷன்தான், வின் எண் எதையும் சொல்லாது. ஜிடிஓவின் 1969 'ஜட்ஜ்' வகைக்கும் அதே கதை. வின் எண் ஜிடிஓ வரைக்கும்தான் சாட்சி சொல்லும், ஜட்ஜா இல்லையா என்பதைப் பில் நகல்தான் சொல்லும்.

செவர்லேயில் கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கு அப்படி ஒரு மையப் பதிவு மிஞ்சவில்லை. ஆனால் கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ஜிஎம் கனடாவின் பதிவுகள் இருக்கின்றன. டொரோன்டோ பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இது பெரிய வரம். எல்லையின் இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு வயிற்றெரிச்சல். கனடாவில் முதலில் விற்பனையான கமாரோ ஒன்று மிச்சிகனில் விலைக்கு வந்தாலும் அந்தப் பதிவு செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

விற்பவர் 'பில்ட் ஷீட்' காட்டுகிறார். அது போதுமா?

பில்ட் ஷீட் என்பது தொழிற்சாலையில் வண்டி நகர நகர, எதைப் பொருத்த வேண்டும் என்று வேலையாட்களுக்குச் சொன்ன தாள். வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியது. சில தாள்கள் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளும், பெட்ரோல் டாங்க் மேலும், கிளவ் பாக்ஸுக்கு மேலேயும் மாட்டிக்கொண்டு இத்தனை வருடம் தப்பிவிட்டன. அப்படிக் கிடைத்த தாள் தங்கம். கறையோடு, எலி கடித்து, துருவின் அச்சு பதிந்து இருக்கும்.

அதே தாளைப் புதிதாக அடித்து, தேநீரில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தைக் கிழித்தும் தருகிறார்கள். தாள் எங்கே கிடைத்தது, எடுக்கும்போது போட்டோ எடுத்தீர்களா, அந்த சீட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சீட் ஸ்பிரிங்கின் துருக்கறை தாளிலும், தாளின் துணுக்கு ஸ்பிரிங்கிலும் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. மடிப்பில் கிழியாமல், இஸ்திரி போட்டது மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

வாரன்டிப் புத்தகத்தோடு வந்த 'ப்ரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சின்ன உலோகத் தகடும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு நல்ல ஆதாரம். வின் எண், எஞ்சின் குறியீடு, கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் அதில் பொறித்திருக்கும். அதற்கும் நகல் உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டிய விலைச் சீட்டின் புது அச்சையோ நான் ஆதாரமாகவே எடுத்துக்கொள்வதில்லை. சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

உண்மையில் நான் அதிகம் நம்புவது, யாரும் போலி செய்ய மெனக்கெடாத காகிதங்களை. 1974இல் மெக்கானிக் கொடுத்த பில், முதல் உரிமையாளரின் குடும்பப் போட்டோவில் பின்னால் நிற்கும் வண்டி, பழைய டைட்டில் (நம் ஊர் ஆர்சி புக் மாதிரி). பழைய உரிமையாளரின் தொலைபேசி எண் கிடைத்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதா என்று காத்திருப்பவர் மாதிரிப் பேசுவார்கள்.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்கிறார்களே, எந்த நம்பர், எதோடு மேட்ச்?

விளம்பரத்தில் அதிகமாக அடிபடும் வார்த்தை இது. சொல்ல வேண்டிய அர்த்தம்: இந்த வண்டியோடு தொழிற்சாலையில் பிறந்த எஞ்சினே இன்றும் இதில் இருக்கிறது. 1968இல் இருந்து வின் எண்ணின் ஒரு பகுதியை எஞ்சினிலும் கியர் பாக்ஸிலும் குத்தி அனுப்பினார்கள். அது வண்டியின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரு 1969 இசட்/28ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்து லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற டிரான்ஸ்-ஆம் பந்தய விதிக்காகவே செய்த 302 கன அங்குல எஞ்சின் அதில். எஞ்சினில் மூன்று இடத்தில் எழுத்து இருக்கும். பின்பக்கம், வார்ப்பிலேயே வந்த தேதி: 'பி 18 9'. 'ஏ' ஜனவரி, 'பி' பிப்ரவரி என்று போகும், ஆக 1969 பிப்ரவரி 18இல் இரும்பை ஊற்றியிருக்கிறார்கள். முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும், அதில் 'வி0228டிஇசட்' என்று குத்தியிருக்கும். 'வி' என்றால் ஃப்ளின்ட் ஆலை, பிப்ரவரி 28இல் எஞ்சினாகக் கோர்த்தது, 'டிஇசட்' என்பது 1969 இசட்/28 எஞ்சினின் குறி. அப்புறம் '19என்' என்று தொடங்கி வண்டியின் கடைசி ஆறு இலக்கங்கள்: செவர்லே, 1969, நார்வுட் ஆலை, வரிசை எண். இப்போது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் அடித்திருக்கும் டிரிம் தகட்டை (கட்டிய வாரம், நிறம் போன்றவை பொறித்த தகடு) பாருங்கள். '03பி' என்றால் மார்ச் இரண்டாவது வாரம் கூடு கட்டியது.

பிப்ரவரி 18இல் வார்த்து, 28இல் கோர்த்து, மார்ச் இரண்டாவது வாரம் வண்டியில் ஏறியிருக்கிறது. சரி, கதை ஒட்டுகிறது. அதே தகட்டோடு, எஞ்சினில் 0405 என்று இருந்தால்? ஏப்ரலில் பிறந்த எஞ்சின் மார்ச்சில் கட்டிய வண்டிக்குள் எப்படிப் போயிற்று? பிள்ளை பிறக்கும் முன்னே பேரன் பிறந்த கதை. பளபளவென்று பாலிஷ் போட்ட வண்டிகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணைக் குத்தியவர் தேதியைக் கணக்குப் பார்க்கவில்லை.

எண்ணைப் புதிதாகக் குத்தியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். 1969 செவர்லேயில் ஆல்டர்னேட்டரைப் பயணி பக்கம் மாற்றிவிட்டார்கள். அது சரியாக அந்தச் சமதளத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கை கார்புரேட்டர் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளையோ கம்பி பிரஷ்ஷையோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தேய்த்தால் நீங்கள் தேடுகிற சாட்சி போய்விடும்.

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எண்ணுக்குப் பின்னால் உள்ள உலோகத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சமப்படுத்திய பெரிய கருவி, தறியில் ஓடிய பாவு நூல் மாதிரி மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும். அசல் எண், அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்கும். பழைய எண்ணைச் சீவிவிட்டுப் புது எண் குத்தினால் அந்தக் கோடுகளும் போய்விடும். பரப்பு வழவழவென்று இருக்கும், அல்லது கையால் தேய்த்த வட்டத் தடங்கள் தெரியும். இப்போது அந்தக் கோடுகளையே போலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே நம் கண் போதாது, எழுத்தின் வடிவத்தையும் இடைவெளியையும் அந்த ஆலையின் அந்த மாதத்து மாதிரிகளோடு ஒப்பிடும் நிபுணர் வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வழவழப்பாக இருந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் வேலை பார்த்தபோது மெஷின் ஷாப்பில் மேல்பரப்பைச் சீவியிருக்கலாம், அப்போது எண் அடியோடு போயிருக்கும். எண்ணே இல்லாத வழவழப்பு ஒரு கதை. வழவழப்பின் மேல் புத்தம் புது எண் வேறு கதை.

அசல் எஞ்சின் இல்லை என்றால் வண்டியே வேண்டாமா?

அப்படி இல்லை. இந்த வண்டிகளை வாங்கியவர்கள் அவற்றை ஓட்டுவதற்குத்தான் வாங்கினார்கள். பந்தயத்தில் எஞ்சின் வெடித்தது, வாரன்டியில் மாற்றியது, யாரோ கழற்றி விற்றது என்று எத்தனையோ உண்டு. எஞ்சின் மாறிய அசல் இசட்/28, அசல் இசட்/28தான், கொஞ்சம் விலை குறைந்தது. எஞ்சின் மாறியதை மறைத்தவரோடுதான் எனக்குச் சண்டை.

எஞ்சின் போக, வண்டியில் வேறு எதைப் பார்ப்பது?

போலி செய்கிறவர் வெளியே தெரிவதற்குப் பணம் போடுவார், தெரியாததை விட்டுவிடுவார். அதனால் தெரியாத இடமாகப் பார்க்க வேண்டும்.

இசட்/28 விஷயத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. அந்த வருடங்களில் அது நான்கு கியர் மேனுவல் பெட்டியோடு மட்டுமே வந்தது, ஏசி கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் இருந்த தடமோ, தடுப்புச் சுவரில் ஏசிக்கான திறப்பை அடைத்த தடமோ தெரிந்தால் அது இசட்/28 ஆகப் பிறக்கவில்லை. கீழே படுத்துப் பாருங்கள். பின்னால் 12 போல்ட் ஆக்சில் இருக்க வேண்டும், முன்னால் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். 1969 இசட்/28கள் 20,302, எனவே ஏதோ ஒன்று அப்படி வித்தியாசமாக வந்தது என்று விற்பவர் சொல்லும் கதைக்கு மயங்காதீர்கள்.

நார்வுட்டில் 1968 டிசம்பர் வாக்கில் இருந்து கட்டிய 1969 கமாரோக்களின் டிரிம் தகட்டில் 'எக்ஸ்' குறியீடு இருக்கும். எக்ஸ்33, எக்ஸ்77 என்றால் இசட்/28. எக்ஸ்22, எக்ஸ்66 என்றால் எஸ்எஸ்396. லாஸ் ஏஞ்சலஸ் ஆலையில் கட்டியவற்றில் இந்தக் குறியே கிடையாது, அதனால் அங்கே அது இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். 'எக்ஸ்11 எஸ்எஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் பாருங்கள், அதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். எக்ஸ்11 என்பது வெளி அலங்காரத் தொகுப்பு இருந்தது என்பதற்கு அடையாளம். சாதாரண வண்டியிலும் அது வந்தது.

பெயின்ட் கதை வேறு. டிரிம் தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உட்புறம், டேஷுக்கு அடியில் என்று டிங்கரிங் ஆள் கை போகாத மூலைகளில் அந்த நிறம் எட்டிப் பார்க்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பின்சக்கர வளைவுகளில் ஓட்டினால், எங்கே பட்டி பூசியிருக்கிறார்கள் என்றும் தெரியும். அது துருவுக்கான சோதனை, அசல் பற்றியது இல்லை. ஆனாலும் பணம் உங்களுடையது.

வின் தகட்டையே மாற்றுவார்களா?

மாற்றுவார்கள். இருப்பதிலேயே ஆபத்தான மோசடி இதுதான். துருப்பிடித்து மண்ணாகிப்போன ஒரு ஹெமி 'குடாவின் தகடுகளை எடுத்து, நல்ல கூடோடு இருக்கும் சாதாரண பாரகூடாவில் அடிப்பது. 1970இல் ஹெமி எஞ்சினோடு வந்த கூரை வைத்த 'குடா 652, திறந்த கூரை வண்டி 14தான். 1971 ஹெமி 'குடா திறந்த வண்டி ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் இரண்டு தகட்டுக்காக என்னவும் செய்வார்கள்.

தகட்டை அடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பூ இதழ் மாதிரி வடிவம் கொண்ட ரிவெட் இருக்கும். சாதாரண உருண்டை ரிவெட்டோ, சுற்றிலும் கீறலோ, தகட்டுக்கு அடியில் புதுப் பெயின்டோ இருந்தால் கேள்வி கேளுங்கள். அப்புறம் மறைவு எண்கள். 1969 கமாரோவில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை மூடியைக் கழற்றினால் கூட்டில் குத்திய எண் தெரியும், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் ஒன்று உண்டு. ஷெவெல்லில் சேசிஸ் பட்டையின் மேல், ஓட்டுநர் பக்கம் பின்னால். மஸ்டாங்கில் முன் ஃபென்டருக்கு அடியில் உள்விளிம்புகளில். கிரைஸ்லர் வண்டிகளில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில். வின் தகடும் மறைவு எண்ணும் வேறு வேறாக இருந்தால் பேரம் பேசாதீர்கள், கிளம்புங்கள்.

ஏனென்றால் இது விலை பற்றிய விஷயம் இல்லை. வின் எண்ணை அகற்றுவதும் திருத்துவதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். கான்சாஸில் ஒருவர் சுமார் 50,000 டாலர் கொடுத்து வாங்கிய 1959 கார்வெட்டைப் பதிவு செய்யப் போனார். முன்பு யாரோ வண்டியைப் புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றி மாட்டியது தெரியவந்து, போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்தது. நசுக்கிப்போட வேண்டும் என்ற நிலை. பல வருடம் வழக்கு நடந்து, மாநிலச் சட்டத்தையே 2022இல் திருத்திய பிறகுதான் வண்டி அவரிடம் திரும்பியது.

விளம்பரத்தில் வரும் வார்த்தைகளை எப்படிப் படிப்பது?

நம் ஊர்க் கல்யாண விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி, சொல்லாமல் விட்டதைப் படிக்க வேண்டும். 'டிரிப்யூட்', 'ரீ-கிரியேஷன்' என்றால் நகல் என்று நேர்மையாகவே சொல்கிறார்கள். 'பீரியட் கரெக்ட்' எஞ்சின் என்றால் அந்தக் காலத்து எஞ்சின், இந்த வண்டியினுடையது இல்லை. 'டேட் கோட் கரெக்ட்' என்றால் தேதி பொருந்துமாறு தேடிப் பிடித்த எஞ்சின். 'எஸ்எஸ் ஆப்ஷன்களுடன்' என்றால் பேட்ஜ் வாங்கி ஒட்டியது. 'எனக்குத் தெரிந்தவரை நம்பர்ஸ் மேட்சிங்' என்றால் அவர் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்துவிட்டார்.

வண்டி இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறது. போட்டோவை வைத்து முடிவு செய்யலாமா?

வேண்டாம் என்று சொல்ல மட்டும் போட்டோ போதும். வின் தகடு, டிரிம் தகடு, எஞ்சின் சமதளம், வார்ப்புத் தேதி, ஆக்சில் குறியீடு, ஐந்தையும் தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நேரில் வந்து பாருங்கள்" என்று மழுப்பினால் டிக்கெட் போடாதீர்கள். வாங்க முடிவு செய்தால், அந்த மாடலை மட்டுமே பார்க்கும் நிபுணர் ஒருவருக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். பொதுவாக எல்லா வண்டியும் பார்க்கும் ஆள் பிரேக்கும் டயரும் பார்த்துவிட்டு வருவார். விற்பவர் சிபாரிசு செய்யும் நிபுணர் வேண்டவே வேண்டாம்.

ஏலத்தில் வாங்குவதானால் விளக்கக் குறிப்பு விற்பவர் கொடுத்தது என்பதையும், வண்டி 'உள்ளது உள்ளபடி' கைமாறுகிறது என்பதையும் விதிமுறையில் படித்துக்கொள்ளுங்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, ஏலம் தொடங்கும் முந்தின நாளே போய்ப் படுத்துப் பார்த்துவிட வேண்டும். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் எல்லா வண்டியும் அசல்தான்.

தனியாரிடம் வாங்கினால் விற்பனைச் சீட்டில் 'இது இன்ன எஞ்சினோடு தொழிற்சாலையில் பிறந்த இசட்/28' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் செய்தவர், பேனாவைக் கையில் கொடுத்ததும் தயங்குவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கடைசியில், நகல் வண்டி வாங்குவது தப்பா?

தப்பே இல்லை, நகலின் விலைக்கு வாங்கினால். அசலை மழையில் எடுக்க மனம் வராது, சிக்னலில் பக்கத்தில் லாரி நின்றால் வியர்க்கும். நகலில் அந்தக் கவலை இல்லை.

என் கராஜில் நிற்பது 124 என்று தொடங்கும் 1969 கமாரோ. நார்வுட் வண்டி, தகட்டில் எக்ஸ்44, அதாவது எந்த அலங்காரமும் இல்லாத சாதாரண வண்டி. எஞ்சின் வேறு எதிலிருந்தோ வந்த 350. முந்தைய ஆள் ஒட்டியிருந்த இசட்/28 பேட்ஜை ஹேர் டிரையரால் சூடாக்கிக் கழற்றிவிட்டேன். கழற்றிய இடத்தில் பெயின்ட் ஒரு சுற்று அடர்த்தியாக இருக்கிறது, வெயில் சாய்ந்து விழும்போது 'இசட்' எழுத்து இன்னும் தெரிகிறது.